குச்சியைக் கீழே வைக்கும் முறை

இல்லீங்க ஜட்ஜம்மா, அடிச்சதில்ல. முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு தடவை கூட கை ஓங்கினதில்ல. குடியும் கிடையாது. வருஷம் பொறந்தா ரெண்டு சின்னக் கிண்ணம் சாக்கே, அதோட சரி. வேற பொம்பளை சமாச்சாரமா? எங்க வீட்டுக்காரருக்கா? அதுக்கெல்லாம் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசணுமேங்க.

சிரிப்பு வந்துடுச்சு பாருங்க. பரவாயில்ல, சிரிங்க. இதோ உக்காந்திருக்காங்களே, இந்த ஐயாவும் அம்மாவும், போன மாசம் நான் பேசப் பேச சிரிக்கக் கூடாதேன்னு குனிஞ்சு குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாங்க. பாவம், சமரசம் பண்ணி வைக்கிற வேலை. எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க, நான் அசையல. அதான் இன்னிக்கு உங்களையே கூட்டிட்டு வந்துட்டாங்க. உங்களுக்கு என் பையன் வயசுதான் இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க.

ஆமாங்க, பேரு கசுயோ. அறுபத்தோரு வயசு. பிப்ரவரி மாசமே வீட்டை விட்டு வந்துட்டேன். அக்கா பொண்ணு வீட்டு மாடியில ஒரு ரூம் கொடுத்திருக்கா, அதுல இருக்கேன். காரணம் என்னன்னு விவாகரத்து மனுவில ஒரு கட்டம் இருக்கு இல்லையா, அதுல சாப்பிடுற குச்சின்னு எழுதினேன். வாங்கிப் பாத்த பொண்ணு ரெண்டு தடவை படிச்சுப் பாத்தா. நான் வேற என்னத்தைங்க எழுதுறது? எனக்கு இந்த உலகத்துல உருப்படியா தெரிஞ்ச விஷயம் குச்சி ஒண்ணுதான்.

நிஜமாத்தான் சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னாடி தொயாமா ஸ்டேஷனுக்கு எதிர்ல ஒரு பெரிய கடை இருந்துச்சு, இப்ப இல்ல, இடிச்சுட்டாங்க. அங்க நாலாவது மாடியில குச்சி விக்கிற கவுன்டர்ல அஞ்சு வருஷம் நின்னேன். வர்றவங்க கையை நீட்டச் சொல்லி அளவெடுக்கிறது என் வேலை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இப்படி விரிக்கச் சொல்லணும், இந்த நுனியிலேர்ந்து அந்த நுனி வரைக்கும் அளக்கணும், அதுல ஒண்ணரை மடங்கு. அதுதான் அந்தக் கைக்கு ஏத்த குச்சி. உங்களுக்கு இருபத்தொண்ணு சென்டிமீட்டர் போதும். பாத்தாலே சொல்லிடுவேன்.

அளவெடுத்து முடிச்சதும் ஒரு காகிதம் கொடுப்போம். குச்சி பிடிக்கிறதுல என்னென்ன தப்பு, ஒவ்வொண்ணுக்கும் என்ன பேருன்னு அதுல அச்சடிச்சிருக்கும். முப்பது நாப்பது இருக்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். எதை எடுக்கலாம்னு தட்டு மேல குச்சி சுத்திக்கிட்டே இருந்தா அது அலையுற குச்சி. சாஸ் சொட்டச் சொட்ட எடுத்துட்டு வந்தா அது கண்ணீர்க் குச்சி. நுனியை நக்கினா நக்குற குச்சி, அதுக்கு வேற பேரு தேவையில்ல. சின்னப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் வாசிச்சுக் காட்டினா விழுந்து விழுந்து சிரிக்கும். அப்பா கண்ணீர்க் குச்சி, தாத்தா நக்குற குச்சின்னு கடையிலேயே மானத்தை வாங்கிடும்.

அவரை அங்கதான் பாத்தேன். ஒரு சனிக்கிழமை வந்தாரு. அலுமினிய ஜன்னல் செய்யிற ஃபேக்டரியில வேலை, நல்ல பெரிய கை. அளவெடுத்தேன், ஒரு ஜோடி வாங்கிட்டுப் போனாரு. அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்து கையை நீட்டுறாரு. ஒரு வாரத்துல கை வளருமாங்க? இன்னொரு ஜோடி. மூணாவது சனிக்கிழமை, நாலாவது சனிக்கிழமை. பக்கத்துக் கவுன்டர்ல தட்டு விக்கிற பொண்ணு, உன் ஆக்டோபஸ் வந்தாச்சுடின்னு கூப்பிடுவா. எட்டுக் கையாலயும் சாப்பிடுறாரு போலன்னு.

அஞ்சாவது சனிக்கிழமை புருஷன் பொண்டாட்டிக் குச்சி கேட்டாரு. பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு, ஒரே பெட்டியில வருமே. நான் கட்டிக் கொடுத்தேன். ஓ, இவருக்கு ஆள் இருக்கு போலன்னு நினைச்சேன். கொஞ்சம் வருத்தமாக்கூட இருந்துச்சு, ஏன் மறைக்கணும். மனுஷன் அங்கேயே நின்னு கட்டைப் பிரிச்சாரு. பெரிசைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. சின்னதை அப்படியே கவுன்டர் மேல என் பக்கமா நகர்த்தி வச்சாரு. ஒரு வார்த்தை பேசல. காது ரெண்டும் செவந்து போச்சு.

எனக்கு அது பிடிச்சிருந்துச்சுங்க. மறைக்க என்ன இருக்கு. ரெண்டு நாள் தூக்கம் வரல. எந்த மனுஷன் இப்படிக் கேப்பான்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்.

இசாமு நல்லவருதாங்க. நான் இல்லேன்னு சொல்லலையே.

வேலைக்குப் போன காலத்துல ஒண்ணும் தெரியல. காலையில ஓட்டம், திரும்பி வர லேட்டாகும், நானும் பையனும் சாப்பிட்டு முடிச்சிருப்போம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரிட்டையர் ஆனாரு. அன்னிலேர்ந்து மூணு வேளையும் எதிரும் புதிருமா. வருஷத்துக்கு ஆயிரம் சாப்பாடுங்க. அப்பத்தான் பாத்தேன், இவரு வாயால பேசுறதையே விட்டுட்டாரு. எல்லாத்துக்கும் குச்சி. சோயா சாஸ் வேணுமா, குச்சி அந்தப் பக்கம் காட்டும். டிவி சத்தம் கூட்டணுமா, ரிமோட்டைக் காட்டும். ஊறுகாய்த் தட்டு தள்ளி இருந்தா, கையை நீட்டி எடுக்கிறதில்ல, குச்சியாலயே கொக்கி போட்டு இழுக்கிறது. யாராவது வாசல் மணி அடிச்சா குச்சி நேரா என்னைக் காட்டும். போய்ப் பாருன்னு அர்த்தம்.

இதுக்கெல்லாம் பேரு இருக்கு. காட்டுற குச்சி, இழுக்கிற குச்சி. எல்லாம் அந்தக் காகிதத்துல இருக்கு.

இல்லீங்க, நான் சொல்லிக் காட்டினதில்ல. அது என்னமோ தோணல. கடையில ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவ, வீட்டுல ஒருத்தருக்குச் சொல்லல. கூடவே இருந்து பழகிட்டேனா, எனக்கு அந்தக் குச்சி பேசுறது நல்லாவே புரிய ஆரம்பிச்சுடுச்சு. நுனி கொஞ்சம் மேல தூக்கினா டீ. கீழ இறங்கினா இன்னும் கொஞ்சம் சோறு. காட்டுறதுக்கு முன்னாடியே எடுத்து வைப்பேன். வெளியாளு பாத்தா எவ்வளவு ஒத்துமையான ஜோடின்னு சொல்லுவாங்க. சொல்லியும் இருக்காங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், போன மாசம் இந்த அம்மா கேட்டாங்க, குறிப்பா ஒரு சம்பவம் சொல்லுங்கன்னு. எங்க அக்கா போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்துல போய்ச் சேர்ந்தா. நான்தான் கடைசி வாரம் ஆஸ்பத்திரியில கூட இருந்தேன். காரியமெல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். கடைசியா அக்கா என்கிட்ட ஒண்ணு கேட்டா, அதைச் சொல்ல ஆரம்பிச்சேன். பாதியில இவரு குச்சியைக் கிண்ணத்து மேல குறுக்கா வச்சாரு. பாலம் போட்ட மாதிரி. உங்களுக்கே தெரியும், அப்படி வச்சா போதும், எடுத்துட்டுப் போன்னு அர்த்தம். அதுவும் தப்புதான், அதுக்கும் பேரு இருக்கு.

நான் பேச்சை நிறுத்திட்டு எந்திரிச்சுக் கிண்ணத்தை எடுத்துட்டுப் போய்க் கழுவினேன்.

அக்கா என்ன கேட்டாளா? அது மறந்து போச்சுங்க. நிஜமா. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன், வரவே மாட்டேங்குது.

அழுகையா? இல்லையே. கழுவினேன், துடைச்சேன், அடுக்கினேன். கோவமும் வரல. அன்னிக்குன்னு இல்ல, அதுக்கப்புறமே எனக்கு எதுவும் பெரிசா தோணுறதில்ல. நாக்குல சூடு பட்டா ரெண்டு நாளைக்கு ருசி தெரியாதே, அப்படித்தான். ஆனா ரெண்டு நாள்ல சரியாகல. பனி பேஞ்சா பேஞ்சுது. விட்டா விட்டுது.

தண்ணி வேண்டாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்.

புது வருஷக் கதைக்கு வர்றேன். அதைத்தான இவங்க உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பாங்க. எங்க வீட்டுல வருஷம் தவறாம அந்த வெள்ளைக் குச்சிதான். ரெண்டு பக்கமும் கூர்ந்து இருக்கும், ஒரு முனை நமக்கு, மறு முனை அந்த வருஷம் வீட்டுக்கு வர்ற சாமிக்கு. முப்பத்தோராம் தேதி இவரு தூரிகைப் பேனாவை எடுத்துக்கிட்டு உக்காருவாரு. ஒவ்வொருத்தர் பேரையும் காகித உறையில எழுதி, கடைசியா பரிமாறுற குச்சி உறையில பரிமாறன்னு எழுதி வைப்பாரு. மூணு நாளும் அவங்கவங்க குச்சியை அவங்கவங்களே கழுவித் துடைச்சு அதே உறையில போட்டுக்கணும். உங்க வீட்டுலயும் அப்படித்தானே? இப்பல்லாம் பண்றதில்லையா. சரி, சரி.

கடையில அஞ்சு ஜோடிக் கட்டாத்தான் கிடைக்கும். வருஷா வருஷம் அது போதுமானதா இருந்துச்சு. அவரு, நான், பையன் தகுமா, மருமக மிஹோ, பரிமாற ஒண்ணு. இந்த வருஷம் பேத்தி கோஹாருவுக்கு நாலு வயசு ஆச்சு, அவளும் குச்சி பிடிக்கிறா. அது எனக்கு ஞாபகம் இருந்துச்சுங்க. அதனாலதான் கடையில நின்னு விரல் விட்டு எண்ணினேன். அவரு, தகுமா, மிஹோ, கோஹாரு, பரிமாற ஒண்ணு. அஞ்சு. சரியா இருக்குன்னு ஒரே கட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

ஆமாங்க. என்னை விட்டுட்டு எண்ணினது நான்தான். வாங்கினதும் நான்தான். அதுல அவரு தப்பு ஒண்ணும் இல்ல, போன மாசமே தெளிவா சொல்லிட்டேனே.

அவரு எழுதினாரு. இசாமு, தகுமா, மிஹோ, கோஹாரு. பேத்தி பேரைக் கொஞ்சம் பெரிசா, பக்கத்துல ஒரு பூ மாதிரி போட்டாரு. ஒரு உறை பாக்கி. தூரிகை அப்படியே கொஞ்ச நேரம் நின்னுச்சு. என்னைப் பாத்தாரு. நான் கறுப்பு பீன்ஸைப் பாத்திரத்துலேர்ந்து மாத்திக்கிட்டு இருந்தேன். அப்புறம் பரிமாறன்னு எழுதினாரு. மேஜை மேல என் பக்கமா நகர்த்தி வச்சாரு. அவ்வளவுதான். பரிமாறப் போறது நான்தானே, அவரு கணக்குக்கு அது சரிதான்.

வீட்டுல வேற குச்சி இல்லையான்னு கேக்குறீங்க. டிராயர் நிறைய இருக்கு. என்னோட பழைய குச்சியே இருக்கு. எடுத்திருக்கலாம். கை போகல.

முதல் நாள் எல்லாருக்கும் அதாலதான் எடுத்து வச்சேன். மீன் முட்டை, பீன்ஸ், மீன் ரோல், எல்லாம். அப்புறம் உக்காந்து அதையே திருப்பிப் பிடிச்சுச் சாப்பிட்டேன். பொதுக் குச்சியை வாயில வைக்கிறது, அதுவும் சாமி முனையை வாயில வைக்கிறது, அந்தக் காகிதத்துல அதுக்குப் பேரே கிடையாது, யாரும் செய்ய மாட்டாங்கன்னு விட்டிருப்பாங்க. கையில குச்சி பிடிச்ச நாள்லேர்ந்து நான் பண்ணின முதல் தப்பு அதுதான்னு வச்சுக்கோங்க. அஞ்சு பேரு ஒரே மேஜையில உக்காந்திருக்கோம். யாருக்கும் தெரியல.

மிஹோவுக்குத் தெரிஞ்சுது. ரெண்டாம் தேதி காலையில அவ கண்ணு என் பக்கத்துல இருந்த உறை மேல போச்சு. படிச்சா. மறுபடி படிச்சா. என்னைப் பாக்கல. பேத்திக்கு வாய் துடைச்சு விடுற சாக்குல கையை இந்தப் பக்கம் கொண்டு வந்து, மெதுவா அந்த உறையைக் குப்புறத் திருப்பி வச்சுட்டு, சூப் பிரமாதம் அத்தைன்னா. நல்ல பொண்ணு. எனக்கு அசிங்கமாயிடக் கூடாதுன்னு பாத்தா.

இது என்னது? எனக்கா?

ஓ. அவரு கொடுத்து அனுப்பினாரா. பக்கத்து ரூம்லேர்ந்தா. பிரிக்கட்டுமா? சரி, நீங்க சொன்னா பிரிக்கிறேன்.

செவப்பு அரக்கு. நல்ல சரக்குதான், மூணு பூச்சு இருக்கும். பேரு வேற வெட்டியிருக்காரு. கசுயோ. அளவு... இருங்க, விரல் வச்சுப் பாத்துச் சொல்றேன். சரியா இருக்கு. அரை சென்டிமீட்டர் கூட வித்தியாசம் இல்ல. என் கையை அவரு எப்ப அளந்தாரு? தூங்கும்போது அளந்திருப்பாரோ. இல்ல, டிராயர்ல இருக்கிற பழசை எடுத்துட்டுப் போய்க் காட்டியிருப்பாரு. அப்போ டிராயர் அவருக்குத் தெரியுது.

ஐயா, அம்மா, நீங்க ரெண்டு பேரும்தான் போன மாசம் அவர்கிட்ட சொல்லியிருக்கீங்க போல, உறை சமாச்சாரத்தை. அவரு என்ன சொன்னாரு? அழுதாரா? இசாமுவா? ம்.

இனிமே எல்லாத்தையும் வாயால பேசுறேன்னாரா. ஆமா, பேச ஆரம்பிச்சுட்டாருங்க. ஜனவரியிலேயே ஆரம்பிச்சுட்டாரு. பாத்திரம் கழுவ வர்றாரு. கசுயோ, டீ குடிக்கிறியாங்குறாரு. பேரு சொல்லிக் கூப்பிடுறாரு. ஒரு மாசம் அப்படி இருந்தாரு. அது தாங்காமத்தான் நான் பிப்ரவரியில பெட்டியைக் கட்டினேன்.

நீங்க குழம்புறது எனக்குத் தெரியுது. பேசாதப்ப முப்பத்தி நாலு வருஷம் இருந்தவ, பேச ஆரம்பிச்சதும் ஏன் போகணும்னு. இந்த ஐயாவும் அதேதான் கேட்டாரு.

என்னங்க? என்ன சொன்னாரு?

அதையும் சொல்லிட்டாரா. உயிரைக் காப்பாத்தினவ விட்டுட்டுப் போவாளான்னா.

ம். நியாயமான கேள்விதான். தெருவுல எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. ஆம்புலன்ஸ் விடுற தீயணைப்பு ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆள் வந்து, எப்படிச் செஞ்சீங்கன்னு என்னைப் பாராட்டிட்டுப் போனாரு. பசை அரிசி இடிச்சுச் செய்யிற மோச்சி தொண்டையில ஒட்டிக்கும், பெரியவங்களுக்குச் சின்னச் சின்னதா வெட்டிக் கொடுங்கன்னு ஒரு நோட்டீஸும் கொடுத்தாரு. அதை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சேன்.

சொல்லிடுறேன். இன்னிக்குச் சொல்லலைன்னா அவரு பெட்டி பெட்டியா அனுப்பிக்கிட்டே இருப்பாரு.

மூணாம் தேதி காலை. பையன் குடும்பம் முந்தின நாளே நகோயாவுக்குக் கிளம்பிப் போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேரு மட்டும். டிவியில புது வருஷத் தொடர் ஓட்டப் போட்டி, பசங்க மலையிலேர்ந்து இறங்கி ஓடி வருவாங்களே, தோள்ல துணிப் பட்டை போட்டுக்கிட்டு, அது. நான் ரெண்டு மோச்சி போட்டு சூப் வச்சுக் கொடுத்தேன். அவரு டிவியைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டாரு. நானும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

அவரு சத்தம் நின்னுடுச்சு. உறிஞ்சுற சத்தம் இருக்குமே, அது. நிமிர்ந்து பாத்தேன். மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. இருமல் வரல, எதுவும் வரல. குச்சியால தொண்டையைக் காட்டினாரு.

மருமககிட்ட போன்ல சொல்லும்போது, என்னமோ சாஸ் கேக்குறாருன்னு நினைச்சேன், புரியறதுக்கு ஒரு நிமிஷம் ஆச்சுன்னு சொன்னேன். அது பொய்ங்க. காட்டின உடனே புரிஞ்சுது. அவரு குச்சி காட்டி எனக்குப் புரியாம போனதே இல்ல.

என் கையில குச்சி இருந்துச்சு. கையில குச்சி இருக்கும்போது அப்படியே எந்திரிக்கக் கூடாது. முதல்ல கீழ வைக்கணும். அதுக்கு ஒரு முறை இருக்கு. வலது கையில இருக்கிற குச்சிக்கு அடியில இடது கையைக் கொடுத்துத் தாங்கணும். அப்புறம் வலது கையை ஓரமா நகர்த்தி மேல கொண்டு வந்து, மேலேர்ந்து பிடிக்கணும். அப்புறம் இடது கையை எடுத்துட்டு, சத்தம் வராம வைக்கணும். மூணு அசைவு. அஞ்சு வருஷம் ஜனங்களுக்குக் காட்டிக் காட்டிப் பழகினது. அப்படியே செஞ்சேன். ஆனா வைக்கிறதுக்கு என் பக்கம் குச்சி தாங்கி இல்ல, பரிமாறுற குச்சிக்கு யாரு தாங்கி வைப்பாங்க. அதனால உறையில போடணும். உறை குப்புறக் கிடந்துச்சு. அதை நிமிர்த்தினேன். நுனியைத் துணியில துடைச்சேன், ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம். உள்ள விட்டேன். மேஜை ஓரத்துக்கு நேரா வரிசையா வச்சேன்.

அவரு என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் அவரைப் பாக்கலைன்னு சொல்ல மாட்டேன், பாத்தேன். டிவியையும் பாத்தேன். ஒரு பையன் தோள்லேர்ந்து பட்டையைக் கழட்டிக் கையில சுத்திக்கிட்டு ஓடி வர்றான், அடுத்த பையன் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான். அதை வாங்கிக்கிட்டு அவன் ஓட ஆரம்பிச்சான். அதுக்கப்புறம்தான் நான் எந்திரிச்சேன்.

போய் முன்னாடி சாய்ச்சு, முதுகுல அறைஞ்சேன். நாலோ அஞ்சோ. வெளிய வந்து விழுந்துச்சு. அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. கசுயோ, கசுயோன்னாரு.

மனசுல என்ன இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? ஒண்ணும் இல்ல. சாகட்டும்னு நினைக்கல, சத்தியமா. பொழைக்கட்டும்னும் நினைக்கல. உறை கோணலா இருக்கேன்னு நினைச்சேன். அவ்வளவுதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் அவரு டீ போட்டுக் கொண்டு வந்து பக்கத்துல வச்சு, நீ இல்லேன்னா நான் இல்லன்னு சொல்லும்போதெல்லாம், நான் அந்த உறையை நேரா வச்சதுதான் ஞாபகம் வந்துச்சு. அப்பத்தான் முதல் தடவையா பயமா இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு எனக்கு ஏதோ ஒண்ணு தோணுச்சுன்னா அது அந்தப் பயம்தான்.

எழுதாதீங்கம்மா. பேனாவைக் கீழ வைங்க, இதை எழுத வேண்டாம். அவர்கிட்டயும் சொல்லக் கூடாது. தன் உயிரைப் பொண்டாட்டிதான் காப்பாத்தினான்னு நினைச்சுக்கிட்டே அவரு இருக்கட்டும், அந்த ஒண்ணைத்தான் அவரு ஊரெல்லாம் வாய் விட்டுச் சொல்லியிருக்காரு. கோவக்காரி, நன்றி இல்லாதவ, கிறுக்கின்னு என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்க. ஆனா அவருக்கு மோச்சின்னா உயிரு. வெட்டிக் கொடுத்தாலும் ரெண்டு துண்டை ஒண்ணா எடுத்து வாயில போட்டுக்குவாரு. அடுத்த ஜனவரியிலயும் சாப்பிடுவாரு. அந்தத் தடவை எந்திரிப்பேனா மாட்டேனான்னு எனக்குத் தெரியாதுங்க. அவரு எதிர்ல வேற யாராவது உக்காந்திருக்கட்டும்.